ஆள் வராத பேய் ஆட்டம்: பெரிய அப்டேட் எழுப்புமா?

குமரி மாவட்டம் குலசேகரத்தில் என் சித்தி வீட்டு மாடியில் மூன்று பையன்கள் இரண்டு வருடம் உட்கார்ந்து, இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் ஒரு திகில் கணினி ஆட்டம் செய்தார்கள். ஒருவன் சித்தி மகன், மற்ற இருவரும் அவனோடு கல்லூரியில் படித்தவர்கள். ஆட்டம் நடக்கும் இடம் ரப்பர் தோட்டம். நேரம், விடிவதற்கு முந்தைய இருட்டு. நான்கு பேர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரப்பட்டையைக் கீறிப் பால்வெட்டப் போகிறார்கள். வெயில் ஏறுமுன் சிரட்டைகளை நிரப்பி, பாலைக் கொண்டுபோய் ஷீட் அடிக்கும் கொட்டகையில் சேர்த்துவிட்டால் ஜெயித்தார்கள். ஐந்தாவது ஆள் அவர்களை வேட்டையாடும் பேய். அந்தப் பேயை இயக்குவது கணினி அல்ல, வேறு ஏதோ ஊரில் உட்கார்ந்திருக்கும் இன்னொரு மனிதர்.

நம்ம மாவட்டத்துக்காரர்களுக்கு அந்தத் தோட்டத்தை விளக்க வேண்டியதில்லை. மரங்கள் வரிசை பிடித்து நிற்கும். வரிசைக்கு நேரே நின்று பார்த்தால் கடைசி மரம் வரை தெரியும். இரண்டடி தள்ளி நின்றால் ஒன்றும் தெரியாது, எங்கும் அடிமரம்தான். இதையே பையன்கள் ஆட்டத்தின் உயிராக வைத்திருக்கிறார்கள். வரிசை மாறி மாறி ஓடுகிறவன் தப்புவான், பயத்தில் நேராக ஓடுகிறவன் மாட்டுவான். இசக்கியம்மனையோ சுடலைமாடனையோ அவர்கள் பேயாக்கவில்லை. கொடை கொடுத்துக் கும்பிடுகிற தெய்வங்களை அப்படிக் காட்ட மூவருக்கும் மனம் வரவில்லை. தோட்டத்துக்கென்று தாங்களே ஒன்றைக் கற்பனை செய்துகொண்டார்கள். அது சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

கணினி ஆட்டங்களை விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் வெளியிட்ட முதல் வாரம் கூட்டம் இருந்தது. இரண்டாம் மாதம் ராத்திரி பத்து மணிக்குப் போனால் ஆள் இல்லை. அப்போதுதான் தம்பி போனில் கூப்பிட்டான். "அண்ணே, புதுசா ரெண்டு தோட்டம், இன்னொரு பேய், எல்லாத்தையும் சேர்த்து ஒரு பெரிய அப்டேட்டா விட்டா ஆளு திரும்பி வரும்லா? இல்ல, இத இப்படியே விட்டுட்டு அடுத்தத தொடங்கட்டா?"

நான் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில், பலருடைய கணினிகளை இணைக்கும் சர்வர் பக்கம் வேலை பார்க்கிறவன். தினமும் ரயிலில் போய்வரும் நேரத்தில் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். அவர்கள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. ஆறு மாதம் அமைதியாக வேலை செய்து ஒரே பெரிய அப்டேட் விடுவது. மாதாமாதம் சின்னச் சின்னதாகச் சேர்த்துக்கொண்டே போவது. விலையை எடுத்துவிட்டு ஆட்டத்தை இலவசமாக்குவது. கடைசியாக, இதை மூடிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவது. இதே இக்கட்டில் வேறு பையன்களும் இருப்பார்கள் என்பதால், அவனிடம் சொன்னதை விரிவாகவே எழுதுகிறேன்.

வழிகளை ஒப்பிடுமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். இந்தக் கணக்கைப் போடாமல் எந்த வழியைத் தேர்ந்தாலும் அது குருட்டுத் தேர்வுதான்.

ஒரு ஆட்டத்துக்கு ஐந்து பேர் வேண்டும். ஒரு ஆட்டம் சுமார் பன்னிரண்டு நிமிடம் ஓடுகிறது. உள்ளே வருகிறவர் ஒரு நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் நிமிடத்துக்கு ஐந்து பேர் வரிசையில் வந்து நிற்க வேண்டும். ஒவ்வொருவரும் பன்னிரண்டு நிமிடம் உள்ளே இருப்பதால், எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் அறுபது பேர் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். மொத்தமாக வாங்கியவர்கள் அறுபது பேர் அல்ல, அந்த நிமிடத்தில் ஆடிக்கொண்டிருப்பவர்கள் அறுபது பேர். அதுவும் ஒரே பகுதியில். இந்தியாவில் முப்பது, ஐரோப்பாவில் முப்பது என்று பிரிந்தால் இரண்டு இடத்திலும் காத்திருப்பு ஏறும். புதிதாக இன்னொரு ஆட்டமுறையைச் சேர்த்தால் அதே கூட்டம் மறுபடியும் இரண்டாகப் பிளக்கும்.

இப்போது ஒன்பது பேர் மட்டும் இருக்கும் ஒரு ராத்திரியை நினைத்துப் பாருங்கள். ஐந்து பேர் ஆடுகிறார்கள். நான்கு பேர் வெளியே நிற்கிறார்கள். நால்வரை வைத்து ஆட்டம் தொடங்காது. உள்ளே நடக்கும் ஆட்டம் முடியும்வரை அவர்கள் பத்து, பன்னிரண்டு நிமிடம் நிற்க வேண்டும். அதில் ஒருவர் சலித்துப் போய்விட்டால் மீதி மூவரும் போய்விடுவார்கள். ஆட்டத்தைப் பிடித்துப்போன ஒன்பது பேர் இருந்தும், பாதிப் பேர் கண்ணுக்கு அது செத்துப்போன ஆட்டமாகத் தெரிகிறது. ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி நானும் அப்படி நின்றேன். பெயர்ப்பட்டியலில் மூன்று பேர் இருந்தோம், பிறகு இருவர், பிறகு நான் மட்டும். காத்திருக்கும் திரையில் பையன்கள் பேச்சிப்பாறைப் பக்கம் போய்ப் பதிவுசெய்த சில்வண்டுச் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவு அழகான சத்தத்தைக் கேட்க ஆள் இல்லையே என்று கஷ்டமாக இருந்தது.

இதில் காசு விவகாரமும் இருக்கிறது. ஸ்டீமில் வாங்கிய பதினான்கு நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். வரிசையில் சும்மா நிற்கும் நேரமும் ஆடிய நேரமாகத்தான் ஏறும். முக்கால் மணி நேரம் காத்திருந்து ஒரே ஒரு ஆட்டம் கிடைத்த மனிதர் திருப்பிக் கேட்பதில் என்ன தப்பு? கேட்காமல் விட்டாலும், 'ஆளே இல்லை' என்று ஒரு வரி விமர்சனம் எழுதுவார். அடுத்து வாங்க நினைப்பவர் முதலில் படிப்பது அந்த வரியைத்தான்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

விட்டுவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மூவரில் ஒருவனுக்கு மனசு அங்கேதான் இருந்தது. அதைக் கோழைத்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். 2023 அக்டோபரில் லீத்தல் கம்பெனி என்ற ஆட்டத்தைத் தனி ஒருவராகச் செய்து வெளியிட்டவர், அதற்கு முன்பே பல சின்ன ஆட்டங்களை வெளியிட்டுக் கைபழகியவர். அடுத்ததற்குப் போவதும் ஒரு தொழில் வழிதான். ஆனால் இதற்கு நேர் எதிரான அனுபவமும் உண்டு. அமங் அஸ் என்ற ஆட்டம் 2018இல் வந்தது. இரண்டு வருடம் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை, 2020இல் உலகமே ஆடியது. அந்த ஆகஸ்டில் இன்னர்ஸ்லாத் நிறுவனம் இரண்டாம் பாகம் வரும் என்று அறிவித்தது. பழைய நிரலில் புதிதாக எதையும் சேர்ப்பது கஷ்டம் என்பது அவர்கள் சொன்ன காரணம். அடுத்த மாதமே முடிவை மாற்றிக்கொண்டார்கள். இரண்டாம் பாகத்துக்கு நினைத்ததையெல்லாம் முதல் ஆட்டத்திலேயே சேர்க்கிறோம் என்றார்கள். கூட்டம் நிற்கும் இடத்தை விட்டுவிட்டுப் புது இடத்துக்கு அதே கூட்டத்தைக் கூப்பிடுவது எவ்வளவு பெரிய பந்தயம் என்று அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நம்ம பையன்களுக்கு அப்படிக் கூட்டம் இல்லையே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் தோட்டம் இருக்கிறது, ஓடும் உணர்வு இருக்கிறது, சத்தம் இருக்கிறது. இல்லாதது ஆள் மட்டும்தான். அடுத்த ஆட்டத்தையும் ஐந்து அந்நியர்களை நம்பியே செய்தால் அங்கேயும் இதே ஒன்பது பேர் கணக்குதான் வரும். நோயைத் தெரிந்துகொள்ளாமல் ஆஸ்பத்திரியை மட்டும் மாற்றினால் எப்படி?

இலவசம் என்ற வழி கேட்க இனிப்பாக இருக்கிறது. கன்டென்ட் வார்னிங் என்ற ஆட்டம் 2024 ஏப்ரல் 1 அன்று வந்தபோது முதல் 24 மணி நேரம் இலவசம். அறுபது லட்சம் பேருக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அது விலைக்குப் போனது, நன்றாகவும் விற்றது. ஆனால் அந்த ஆட்டத்தை அந்நியர்கள் இல்லாமல், தெரிந்த மூன்று நான்கு பேர் சேர்ந்து அன்றைக்கே ஆடிவிடலாம். இலவசம் கூட்டத்தைக் கொண்டுவந்தது, ஆட்டம் அந்தக் கூட்டத்தைக் காக்க வைக்கவில்லை. ஈவில் டெட்: தி கேம் 2022 மே மாதம் வந்தது. நால்வர் ஒரு பக்கம், பேய் ஒரு பக்கம். அதே வருடம் நவம்பரில் எபிக் என்ற இன்னொரு இணையக் கடையில் இலவசமாகக் கொடுத்தார்கள். 2023 செப்டம்பரில், இனிப் புதிதாக எதுவும் வராது என்ற அறிவிப்பு வந்துவிட்டது. இலவசம்தான் அதைக் கெடுத்தது என்று சொல்லவில்லை. இலவசம் மட்டும் ஒரு ஆட்டத்தைக் காப்பாற்றாது என்று சொல்கிறேன்.

மூன்று பேர் குழுவுக்கு இதில் வேறு தொந்தரவுகளும் உண்டு. இலவச ஆட்டத்தில் ஏமாற்றி ஆடுகிறவனைத் தடைசெய்தால், அடுத்த நிமிடமே புதுக் கணக்கோடு வருவான். காசு கொடுத்து வாங்கியவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஒருமுறை விலையை எடுத்துவிட்டால் திரும்ப வைப்பதும் நடக்கிற காரியம் இல்லை. இதற்குப் பதிலாக ஒருவர் வாங்கினால் அவரோடு சேருகிறவருக்கு இலவசம் என்ற முறை இருக்கிறது. 2021இல் வந்த இட் டேக்ஸ் டூ அப்படித்தான் செய்தது. அது திகில் ஆட்டம் இல்லை, ஆனால் அந்த யோசனை திகிலுக்கு இன்னும் நன்றாகப் பொருந்தும். பேய்க் கதை கேட்கக் கூட நம்மில் யாரும் தனியாகப் போவதில்லை.

மாதாமாதம் சின்ன அப்டேட் என்ற வழிக்கு நான் எதிரி இல்லை. ஆனால் அதால் முடியாத ஒன்று இருக்கிறது. சின்ன அப்டேட் வீட்டுக்குள் இருக்கிறவர்களைத்தான் பிடித்து வைக்கும், வெளியே போனவர்களைக் கூப்பிடாது. ஆடுவதை நிறுத்தியவர் 'கதவு சிக்கிக்கொள்ளும் பிழை சரிசெய்யப்பட்டது' என்ற வரியைப் பார்க்கவே போவதில்லை. பார்த்தாலும் ஒருவர் திங்கள்கிழமை வருவார், இன்னொருவர் அடுத்த வியாழன். இருவரும் ஒருவரையொருவர் சந்திக்காமலே போய்விடுவார்கள்.

ஊர்க் கோயில் திருவிழாவான கொடையைப் பாருங்கள். வளைகுடாவில் இருப்பவர், சென்னையில் இருப்பவர், திருப்பூரில் கடை வைத்திருப்பவர் எல்லோரும் ஒரே நாளில் ஊரில் இருப்பார்கள். கோயில் வருடம் முழுக்க அங்கேதான் இருக்கிறது, அம்மனும் அங்கேதான் இருக்கிறாள். அவர்களை ஒன்றாகக் கொண்டுவந்தது தேதி. பந்தல்கால் நாட்டும் கால்நாட்டு முடிந்து தேதி தெரிந்துவிட்டால் டிக்கெட் போட ஆரம்பித்துவிடுவார்கள். வில்லுப்பாட்டுக்காரர் குடத்தைத் தட்டும்போது எதிரே ஆள் நிறைந்திருப்பதற்கு அதுதான் காரணம்.

பெரிய அப்டேட்டின் பலம் இதுதான் என்பது என் கருத்து. அது கொண்டுவரும் புதுச் சாமான்களை விட, அது குறிக்கும் தேதி முக்கியம். சிதறிக் கிடக்கும் ஆட்களை ஒரே ராத்திரியில் ஒரே வாசலில் நிறுத்துகிறது. அறுபது பேர் கணக்கைத் தாண்ட வேறு சுருக்கு வழி இல்லை. பதினோரு வருடம் பழைய ஆட்டத்துக்குக்கூட இது வேலை செய்திருக்கிறது. 2009 நவம்பரில் வந்த லெஃப்ட் 4 டெட் 2க்கு, 2020 செப்டம்பர் 24 அன்று 'தி லாஸ்ட் ஸ்டாண்ட்' என்ற பெரிய அப்டேட் வந்தது. செய்தவர்கள் பெரும்பாலும் அந்த ஆட்டத்தை நேசித்த ரசிகர்கள், வால்வ் நிறுவனம் அதிகாரபூர்வமாக வெளியிட்டது. பழைய ஆட்கள் திரண்டு வந்தார்கள். அங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த ஆட்டத்தில் நால்வருக்கு ஆள் குறைந்தால் கணினியே மீதி இடத்தை நிரப்பும். தனியாக வந்தவர்கூட வெறும் கையோடு திரும்பவில்லை.

அதனால் தம்பியிடம் பெரிய அப்டேட்தான் வழி என்று சொன்னேன். அவன் சந்தோஷப்பட்டான். உடனே, "ஆனா நீ சொன்ன ரெண்டு தோட்டமும் வேண்டாம், புதுப் பேயும் வேண்டாம்" என்றதும் முகம் வாடிவிட்டது. "என்னண்ணே சொல்லுதிய, பின்ன என்னத்தக் காட்டி ஆளக் கூப்பிடுவோம்?" என்றான்.

நியாயமான கேள்வி. இங்கேதான் நிறையப் பேர் வழுக்கி விழுகிறார்கள். கூட்டத்தை ஒரே நாளில் கூப்பிடுவது இருபக்கமும் வெட்டும் கத்தி. அன்றைக்கு வீடு ஒழுகினால் ஒழுகுவதை எல்லோரும் ஒன்றாகப் பார்ப்பார்கள். ஹன்ட்: ஷோடவுன் ஆட்டத்துக்கு 2024 ஆகஸ்டில் நடந்தது அதுதான். கிரைடெக் நிறுவனம் ஆட்டத்தை இயக்கும் புது எஞ்சின், புது நிலப்பரப்பு, 1896 என்ற புதுப் பெயர் என்று பெரிய அளவில் மறுவெளியீடு செய்தது. கூட்டம் அள்ளியது. ஆனால் ஆடுவதற்கு முன் பொத்தான்களை அழுத்தும் அந்த மெனு, பழகியவர்களுக்கே தலைவலியாக இருந்தது. ஸ்டீமில் எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. வேட்டையும் துப்பாக்கிச் சத்தமும் எப்போதும்போல அருமையாக இருந்தும், வாசற்படியில் தடுக்கியவர்கள் அதைப் பற்றித்தான் எழுதினார்கள். பிறகு நிறுவனம் தவறை ஒப்புக்கொண்டு திருத்த ஆரம்பித்தது. அவர்களிடம் திருத்த ஆள் இருக்கிறது. மூன்று பேரிடம் அந்த வசதி இல்லை. முதல் வாரம் போனால் போனதுதான்.

இதற்கு எதிர்ப்பக்கம் 2017இல் யூபிசாஃப்ட் நிறுவனம் ரெயின்போ சிக்ஸ் சீஜ் என்ற ஆட்டத்தில் செய்ததைச் சொல்லலாம். அந்த அப்டேட் பருவத்துக்கு வர வேண்டிய புதுச் சாமான்களைத் தள்ளிவைத்து, சர்வர், இணைப்பு, பிழைகள் இவற்றைச் சரிசெய்வதே இந்தப் பருவத்தின் வேலை என்று வெளிப்படையாக அறிவித்தார்கள். பெயரே ஆபரேஷன் ஹெல்த். அன்றைக்குப் பலர் முணுமுணுத்தார்கள். ஆட்டம் அதற்குப் பிறகும் பல வருடம் தழைத்தது. புதிதாக ஒன்றும் தராத அப்டேட்டுக்கும் பெயர் வைத்து, காரணம் சொல்லி, பெருமையோடு வெளியிடலாம் என்று எனக்குக் காட்டியது அதுதான்.

நம்ம ஆட்டத்தின் வகையிலேயே இரண்டு பெயர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். டெட் பை டேலைட் 2016 ஜூனில் வந்தது, ஃப்ரைடே தி தர்ட்டீன்த்: தி கேம் 2017 மே மாதம் வந்தது. முதலாவதில் நால்வருக்கு எதிராக ஒரு கொலையாளி, இரண்டாவதில் எழுவருக்கு எதிராக ஒருவன். இரண்டுக்கும் தொடக்கத்தில் இணைப்புக் கோளாறுகள் இருந்தன. இரண்டாவதற்கு, அதே பெயருள்ள திகில் படத்தின் உரிமை பற்றிய வழக்கு குறுக்கே வந்தது. 2018 ஜூனில், இனிப் புதிதாக எதுவும் சேர்க்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கடையிலிருந்து 2023 கடைசியில் எடுக்கப்பட்டது, வாங்கியவர்கள் 2024 கடைசி வரையாவது ஆடலாம் என்றார்கள். டெட் பை டேலைட்டைச் செய்த பிஹேவியர் நிறுவனமோ 2018 மார்ச்சில் வெளியீட்டு உரிமையை ஸ்டார்பிரீஸ் நிறுவனத்திடமிருந்து 160 லட்சம் டாலருக்குத் தானே வாங்கிக்கொண்டது. மூன்று மாதத்துக்கு ஒன்று என்கிற கணக்கில், அத்தியாயம் என்ற பெயரில் புதுப் பகுதிகளை விட்டது. முதலில் கொலையாளியாக ஆடுகிறவரின் கணினியே சர்வர் மாதிரி இருந்தது. அவர் இணைப்பு மோசமென்றால் மற்ற நால்வருக்கும் ராத்திரி பாழ். 2019இல் தனிச் சர்வர்களுக்கு மாறியது. நடுவில் ஓடிப்போகிறவர் இடத்தைக் கணினி நிரப்பும் ஏற்பாடும் பிறகு வந்தது. பத்திரிகைகள் எழுதியது திகில் படங்களின் புகழ்பெற்ற கொலையாளிகள் வந்து சேர்ந்ததைப் பற்றி. ஆட்டத்தை நிறுத்தி வைத்ததில் யாரும் பேசாத இந்தச் சர்வர் வேலைக்கும் பெரிய பங்கு உண்டு என்று அந்தத் துறையில் இருப்பவனாகச் சொல்கிறேன்.

அந்த வழக்கில் சிக்கிய ஆட்டத்திலும் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. வழக்கு முற்றுவதற்கு முன்பே, 2018 தொடக்கத்தில், கணினி ஆட்களோடு தனியாக ஆடும் முறையைச் சேர்த்திருந்தார்கள். 2020 நவம்பரில் தனிச் சர்வர்களை நிறுத்தியபோது, ஆடுகிறவர்களின் கணினிகளே ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும் பழைய முறைக்குத் திரும்பினார்கள். அதனால் நிறுவனம் கைகழுவிய பிறகும் வாங்கியவர்கள் ஆட முடிந்தது. வெற்றி பெறாவிட்டாலும் வாங்கியவரை ஏமாற்றாமல் இருப்பது ஒரு கடமை. மூன்று பையன்களும் இதை மறக்கக் கூடாது.

ஆக, பெரிய அப்டேட்டுக்குள் என்ன இருக்க வேண்டும்? என் கணக்கில் முதலிடம் கணினிப் பேய்க்கு. ஒருவர், இருவர், நால்வர் யார் வந்தாலும், ஐந்தாவது மனிதர் இல்லாமல் அந்தத் தோட்டத்துக்குள் இறங்க முடிய வேண்டும். கடந்த சில வருடங்களில் சின்னக் குழுக்கள் செய்து ஜெயித்த திகில் ஆட்டங்களைப் பாருங்கள். 2020இல் ஃபாஸ்மோஃபோபியா, 2023இல் லீத்தல் கம்பெனி, 2025 பிப்ரவரியில் ரெப்போ. மூன்றிலும் நண்பர்கள் ஒரு பக்கம், கணினி இயக்கும் பயங்கரம் மறுபக்கம். அந்நியர் கூட்டம் தேவையே இல்லை. ஒரு வகுப்பில் படித்த நான்கு பேர் இருந்தால் போதும், ஆட்டம் உயிரோடு இருக்கிறது. அறுபது பேர் கணக்கை நான்கு பேர் கணக்காக மாற்றுகிற ஒரே வேலை இது. மூவரின் ஆறு மாதமும் இதற்கே போனாலும் சரி.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். மனிதர் இயக்கும் பேயின் சுவை கணினிப் பேயில் வராது. எதிரே இருப்பவன் நம்மை வாசிக்கிறான், நம் பயத்தை ரசிக்கிறான் என்ற உணர்வு தனி. அதை எடுத்துவிடச் சொல்லவில்லை. அதற்கு நேரம் குறிக்கச் சொல்கிறேன். சனிக்கிழமை ராத்திரி ஒன்பது முதல் பதினொன்று வரை மட்டும் ஐந்து பேர் ஆட்டம் திறந்திருக்கட்டும். வாரச் சந்தை ஏன் ஒரு நாள் மட்டும் கூடுகிறது? ஏழு நாளும் கடை விரித்தால் ஏழு நாளும் ஈ ஓட்ட வேண்டும். டெட் பை டேலைட்டே 2024இல் இருவருக்கு எதிராக எண்மர் என்ற புது முறையைக் கொண்டுவந்தபோது அதை நிரந்தரமாக வைக்கவில்லை, சில வாரங்களுக்கு மட்டும் திறந்து மூடியது. அவ்வளவு பெரிய கூட்டம் உள்ளவர்களே கூட்டத்தைப் பிரிப்பதில் கவனமாக இருக்கிறார்கள்.

இரண்டாவது, முதல் இருபது நிமிடம். இப்போது புதிதாக வருகிறவர், நூறு தடவை ஆடிப் பழகிய நால்வருக்கு எதிரே பேயாகப் போய் மாட்டுகிறார். ஆள் குறைந்தால் திறமை பார்த்து ஜோடி சேர்க்க வழியில்லை. அவர்கள் விளக்கை அணைத்து அணைத்துப் போட்டு அவரை அலைக்கழிக்கிறார்கள். அவர் திரும்பி வருவாரா? கணினிப் பேயோடு இரண்டு ஆட்டம் முடித்த பிறகுதான் மனிதர்களோடு ஆடலாம் என்று வைத்தால் இந்தக் கொடுமை குறையும். கூடவே, சேர்த்த புள்ளிகளை எல்லோருக்கும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வைக்கலாமா என்று பையன்கள் கேட்டார்கள். ஃபாஸ்மோஃபோபியா 2023 ஆகஸ்டில் முன்னேற்ற முறையை மாற்றியபோது எல்லோருடைய நிலையையும் அழித்துவிட்டு, பழையவர்களுக்கு நினைவாக ஒரு பேட்ஜ் தந்தது. பழையவரும் புதியவரும் ஒரே கோட்டில் நின்று ஓடத் தொடங்க அது நல்ல வழி. ஆனால் நம்மிடம் பழையவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். அவர்களில் ஒருவரைக் கோபப்படுத்தினாலும் நஷ்டம் பெரிது. இதை நான் வேண்டாம் என்றேன்.

மூன்றாவது, எவருடைய கணினி ஆட்டத்தை நடத்துகிறதோ அவர் வெளியே போனாலும் ஆட்டம் அறுந்துபோகாமல் இருப்பது. நம்ம ஊரில் இது அலங்காரமான கோரிக்கை இல்லை. தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டும் அடிக்கிற மாவட்டம். மரக்கிளை விழுந்து கரண்ட் போனால் குலசேகரத்தில் ஒருவன் மறைவான், அவனோடு சேர்ந்து மற்ற நான்கு பேருடைய ராத்திரியும் மறையும். ஒருவர் போனால் இன்னொருவர் கணினி பொறுப்பை ஏற்றுக்கொள்ள வேண்டும். செய்வது சிரமம், தெரியும்.

தம்பியின் கேள்விக்கு இப்போது பதில் கிடைத்துவிட்டது. எதைக் காட்டி ஆளைக் கூப்பிடுவது? 'இனி ஆளுக்காகக் காத்திருக்க வேண்டாம்' என்பதைக் காட்டித்தான். போனவர்கள் எல்லோரும் போனது அந்த ஒரே காரணத்துக்காக. இரண்டு புதுத் தோட்டம் வந்தது என்று சொன்னால், அங்கேயும் ஆள் இருக்காதே என்றுதான் அவர்களுக்குத் தோன்றும்.

தேதி பற்றி மூவருக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம் நடந்தது. அக்டோபர் கடைசியில், ஹாலோவீன் சமயத்தில் விடலாம் என்றார்கள். அந்த வாரம் எல்லாத் திகில் ஆட்டங்களும் தள்ளுபடியோடு முண்டியடிக்கும், பெரிய நிறுவனங்கள் தங்கள் திருவிழாக்களை அப்போதுதான் வைப்பார்கள். வாசலில் நிற்கும் கூட்டத்தில் நம் குரல் கேட்காது. ஜனவரி கடைசி, பிப்ரவரி எனக்குப் பரவாயில்லை என்று படுகிறது. விருப்பப் பட்டியலில் போட்டு வைத்தவர்களுக்கு, 20 சதவீதமோ அதற்கு மேலோ விலை குறைந்தால் ஸ்டீமே மின்னஞ்சல் அனுப்பும். அப்டேட்டையும் தள்ளுபடியையும் ஒரே நாளில் வைத்தால் அந்த மணி இலவசமாக அடிக்கும். அதற்கு முந்தைய மூன்று மாதம் சின்ன அப்டேட் எதுவும் விட வேண்டாம், பிழைதிருத்தம் தவிர. வந்த பிறகு மாதாமாதம் சின்னது போதும், பெரியதற்கு உடனே ஆசைப்பட வேண்டாம்.

பெரிய அப்டேட்டுக்கும் ஆள் வராமல் போகலாம். அப்படி ஆனால் அடுத்த ஆட்டத்துக்குப் போகலாம் என்று அவர்களிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறேன். அப்போது கையில் வேலை செய்யும் கணினிப் பேய் ஒன்று இருக்கும், அதை அங்கே கொண்டுபோகலாம். வாங்கியவர்களிடம் ஆடக்கூடிய ஆட்டம் இருக்கும்.

மூவரில் ஒருவனுடைய அப்பா பால்வெட்டுக்காரர். அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து ஆட்டத்தைக் காட்டியிருக்கிறார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மக்கா, நெத்தி லைட்டு இவ்வளவு தூரம் அடிக்காது. வெட்டுற மரந்தான் தெரியும், அடுத்த மரம் தெரியாது" என்றாராம். அந்த மாற்றத்தையும் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள், ஒரு நாள் வேலைதான். அவன் காலையில் அப்பாவுக்கு உதவப் போகிறவன். ஜூன், ஜூலையில் மழை வலுத்தால் பல நாள் வெட்டு நின்றுபோகும், அவனுக்கு முழு நாளும் கையில் இருக்கும். கணினிப் பேயின் முதல் வடிவத்தை அந்த இரண்டு மாதத்துக்குள் நடக்க வைப்பது என்று பேசி முடித்திருக்கிறோம்.